கையெழுத்து வாங்கும்போது பக்கத்தில் யார் இருந்தீர்கள்?

தாதியர் தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், வடக்கில் கிளைக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 1989-இல் மாணவத் தாதியாகச் சேர்ந்து, 2023-இல் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள். சேவையின் பெரும்பகுதி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளேயே கழிந்தது; இரண்டு ஆண்டுகள் நெடுந்தீவில். சங்கத்தில் சேர்ந்த மாதம் முதல் ஓய்வு பெற்ற மாதம் வரை சந்தா ஒருமுறையும் தவறியதில்லை. 2006-இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டு, சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் நாங்கள் வரிசையில் நின்ற மாதங்களில்கூட சம்பளப் பட்டியலில் அந்த ஒரு வரி ஒழுங்காகக் கழிந்துகொண்டிருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் சண்டை பிடிக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிள்ளையின் கதை. எந்த வைத்தியசாலை, எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் மற்றவர்கள் "அது அவர்கள்தான்" என்று சொல்லித் தப்பிவிடுவீர்கள்.

அவள் சேவைக்கு வந்து மூன்றாவது ஆண்டு. ஆண்கள் சத்திரசிகிச்சை விடுதி. இரவுக் கடமை, மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை. விடுதியில் 52 நோயாளர், இரண்டு தாதியர். அந்த இருவரில் ஒருவர் பதினொரு மணிக்கு ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய்விட்டார். அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இரண்டு முதியவர்கள். எங்கள் ஊரில் ஒரு விடுதியின் நடுவில் நின்று "கந்தசாமி ஐயா" என்று கூப்பிட்டால் எத்தனை தலைகள் நிமிரும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஒருவருக்குப் போகவேண்டிய நள்ளிரவு ஊசி மற்றவருக்குப் போய்விட்டது. நல்லவேளையாக அது ஒரு சாதாரண அன்ரிபயோட்டிக். அந்த ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் அவளே கண்டுபிடித்தாள். வைத்தியரை எழுப்பிச் சொன்னாள். நோயாளியின் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டில், தன் கையாலேயே நடந்ததை எழுதி, நேரமும் போட்டாள். மூடி மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

பத்து நாள் கழித்து விளக்கம் கோரும் கடிதம் வந்தது. அதன் பிறகு வாக்குமூலம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இடையில் அவள் உங்களைத் தொலைபேசியில் அழைத்தாள். கிளையில் இருந்தவர், "ஒன்றும் எழுதிக் கொடுக்காதே தங்கச்சி, நான் பெரியவரோடு கதைக்கிறேன்" என்றார். கொழும்பில் இருந்தவர், அடுத்த வாரம் போராட்டம் இருக்கிறது, அது முடியட்டும் என்றார். வாக்குமூலம் எடுத்த அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் அவள் தனியே. தட்டச்சு செய்து நீட்டிய தாளில் "கவனயீனம்" என்ற சொல் இருந்தது. 52 என்ற எண் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வருடாந்தச் சம்பள உயர்ச்சி பிற்போடப்பட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. என்னிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி உண்டு. பொறுப்புத் தாதியான நாள் முதல், காலையில் கடமை பாரமெடுக்கும்போது முந்தின இரவு எத்தனை நோயாளர், எத்தனை தாதியர், எத்தனை சிற்றூழியர் என்று அதில் ஒரு வரி எழுதி வைப்பேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, என் பழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "மிசி, இது உத்தியோகபூர்வ ஆவணம் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. ஒரு தாதியின் கையில் இருக்கும்வரை அது கொப்பி. சங்கத்தின் முத்திரையோடு, ஒரு கடிதத்தின் இணைப்பாக மேசைக்குப் போயிருந்தால் அதுவே ஆவணம்.

ஒரு மாதம் கழித்து நீங்கள் வந்தீர்கள். வாயிலில் மதிய இடைவேளையில் ஒரு ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்றீர்கள். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வேண்டாம் என்று சொல்லுங்கள், என் பெயரைப் பதாகையில் எழுதிவிடுவார்கள்" என்று அழுதாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது பதாகை இல்லை. கடிதத்தை வாங்கி ஒருமுறை நிதானமாக வாசித்து, இது ஆரம்ப விசாரணையா முறையான ஒழுக்காற்று விசாரணையா, எதற்கு எந்தத் திகதிக்குள் பதில் கொடுக்கவேண்டும், எந்த ஆவணத்தின் பிரதியைக் கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரு மனிதர் போதும். அரச ஊழியர்களுக்கான விதிநூலான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி இதையெல்லாம்தான் பேசுகிறது. முறையான விசாரணையில் தனக்காக வாதாட ஒருவரை வைத்துக்கொள்ள உத்தியோகத்தருக்கு இடம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இத்தனை ஆண்டு சேவைக்குப் பிறகும் எனக்கே அப்போது தெரியாது. சங்கம் எனக்கு அனுப்பியவை நாட்காட்டியும் போராட்ட அறிவித்தலும்தான்.

2022-இல் அரசாங்கம் வெளிநாட்டில் வேலை செய்ய ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறை தருவதாகச் சுற்றறிக்கை விட்டபோது முதலில் விண்ணப்பித்தவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் இருக்கிறாள். போன வருடம் அங்கும் ஏதோ ஒரு சிறிய பிழை, மருந்துப் பதிவேட்டில். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "அக்கா, சங்கத்து அம்மா ஒருவர் அரை மணி நேரம் முன்னமே வந்து, தேநீர் வாங்கித் தந்து, என்ன கேட்பார்கள், எதற்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்று சொல்லித் தந்துவிட்டு, உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிரவு விடுதியில் எத்தனை பேர் கடமையில் இருந்தார்கள் என்று முதல் கேள்வி அவர்தான் கேட்டார்." அந்தக் குரல் பதிவை நான் நாலைந்து முறை கேட்டேன். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டில் ஒழுக்காற்று விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியைக் கூட்டிப்போவது ஒரு தயவு அல்ல. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொடுத்த உரிமை. அவள் சேர்ந்திருக்கும் ரோயல் கொலிஜ் ஒப் நேர்சிங் 1916-இல் தொடங்கியது. கல்வி, தொழில் நெறி, ஆராய்ச்சி, அங்கத்தவருக்குச் சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது வேலைநிறுத்தம் என்று ஒரு நாளும் வெளியே இறங்கியதில்லை. 2019 டிசம்பரில் வட அயர்லாந்தில்தான் முதன்முதலாக இறங்கியது; 2022 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும். இறங்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. வேலைநிறுத்தமே கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை. கூடும். எங்களுக்குக் கிடைத்த பலதும் முன்னிருந்தவர்கள் வெளியே இறங்கியதால் கிடைத்தவைதான். ஆனால் மிச்ச நாட்களில் செய்த வேலைதான் இறங்கும் நாளுக்குக் கனம் கொடுக்கிறது.

எங்கள் நாட்டில் இந்த வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. 1988-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தாதியர் பேரவை பதிவைப் பார்க்கிறது. அது தாதியரின் கட்சியாக நிற்க வந்த அமைப்பு இல்லை, நிற்கவும் கூடாது, ஏனென்றால் அது நோயாளிக்காகவும் யோசிக்கவேண்டும். தொழில்வாண்மைச் சங்கம் என்று ஒன்று இருப்பதே எங்கள் இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தாதியர் தினமான மே 12-ஆம் திகதி விளக்கேற்றும்போது பெயர் காதில் விழுந்தால் உண்டு. தொழிற்சங்கங்களோ ஒன்றல்ல, பல. ஒன்று ஊர்வலம் என்றால் மற்றது கடமை என்கிறது. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் என்ன செய்யவேண்டும், கையில் பட்டி கட்டவேண்டுமா, ஊசி போடுமுன் பெயரோடு வேறு எதைச் சரிபார்க்கவேண்டும், ஓர் இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் வரை தாங்கும் என்று யார் எழுதி வைப்பது? இது சம்பளக் கோரிக்கை இல்லை என்று தொழிற்சங்கம் தள்ளிவிடுகிறது. தொழில்வாண்மைச் சங்கத்துக்கு விடுதிக்குள் ஆளில்லை. ஆக அந்தக் கேள்வி ஒரு இருபத்தேழு வயதுப் பிள்ளையின் தலையில் "கவனயீனம்" என்று வந்து விழுகிறது.

இனி மொழி. போராட்ட அறிவித்தல்கள் எங்களுக்குப் பெரும்பாலும் சிங்களத்தில் வந்தன. ஒரு நாள் மாலை, அறிவித்தல் பலகையில் மேலதிக நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று ஒட்டியிருந்தது. குருநாகலில் இருந்து நியமனம் பெற்று வந்திருந்த ஒரு தங்கச்சி எங்கள் விடுதியில் இருந்தாள். அரைகுறைத் தமிழ், தங்கமான பிள்ளை. அவளைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னோம். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை." எல்லோரும் சிரித்தோம். மறுநாள் எல்லோரும் வேலைக்கு வரவுமில்லை.

1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் கிறீன், மானிப்பாயில் உட்கார்ந்து தமிழ் கற்று, மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். உடற்கூறு முழுவதற்கும் தமிழில் சொல் கண்டுபிடிக்க அவரால் முடிந்திருக்கிறது. ஒரு பக்க அறிவித்தலைத் தமிழில் தர உங்களுக்கு என்ன தடை? மொழிபெயர்க்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மூன்று மொழியும் தெரிந்த தாதியர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

மொழியை விடப் பெரிய ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் மருத்துவர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. மற்றச் சுகாதார ஊழியர்களுக்கு ஒன்றும் இல்லை. 72 சங்கங்கள் சேர்ந்து பெப்ரவரி முதலாம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அரசாங்கம் வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தை அனுப்பியது. நான் அப்போது ஓய்வு பெற்று, கண்ணுக்குக் காட்டவந்த நோயாளியாக வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, கிளினிக் கொப்பியை பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "ஆமி வரப்போகிறதாம், நான் போகிறேன் பிள்ளை" என்று எழுந்தார். மருந்து எடுக்காமலே போய்விட்டார்.

கொழும்பில் அந்தச் செய்தி கட்டில் தள்ளவும் ட்ரொலி தள்ளவும் ஆள் வருகிறது என்ற செய்தி. இங்கே அப்படி இல்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய இராணுவம் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து, நோயாளரையும் கடமையில் இருந்தவர்களையும் சுட்டது. கொல்லப்பட்டவர்களில் ஊழியர்கள் மட்டும் 21 பேர். வைத்தியர்கள், தாதியர்கள், சிற்றூழியர்கள். நான் மாணவத் தாதியாகச் சேர்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்களுக்குக் கட்டில் விரிக்கச் சொல்லித் தந்த அக்காமார் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். இன்றும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் அவர்களின் படங்களுக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். வைத்தியசாலை வாயிலுக்குள் இராணுவச் சீருடை என்றால் அந்த ஊர்காவற்றுறை அம்மாவுக்கு என்ன ஞாபகம் வரும் என்று, வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்ட அறையில் ஒருவராவது எழுந்து சொன்னாரா? சொல்வதற்கு எங்களில் ஒருவர் அந்த அறையில் இருந்தாரா? இராணுவத்தை அனுப்பியது நீங்கள் இல்லை. ஆனால் அனுப்புவார்கள் என்று தெரிந்த பிறகு, வடக்கில் அதற்கு என்ன மாற்று என்று யோசிப்பது உங்கள் வேலை.

இடமாற்றத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. எழுதினால் மடல் நாறும். இடமாற்றச் சபையில் சங்கத்துக்கு ஒரு நாற்காலி கிடைப்பது, நெடுந்தீவிலும் முல்லைத்தீவிலும் காலம் முடிந்தும் கிடக்கிறவளுக்காகப் பேச. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, ஆடி மாதக் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு கடமைக்குப் போனவள் நான். எனக்குப் பின்னால் பெயர் எழுதியவர்கள் எனக்கு முன்னால் ஊருக்கு வந்தார்கள். எப்படி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தனியார் வைத்தியசாலைப் பிள்ளைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். காலை ஆறரைக்கு வெள்ளை உடுப்போடு சைக்கிளில் போவாள், இரவு எட்டு மணிக்கு வருவாள். அவளை எல்லோரும் நேர்ஸ் என்கிறார்கள். பேரவைப் பதிவு இல்லை, வேலை செய்கிற இடத்திலேயே பழகியது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து எட்டு வீதம் கழிக்கிறார்களாம். முதலாளி போடவேண்டிய பன்னிரண்டு வீதம் போகிறதா என்று கேட்டேன். "அதை எப்படி மாமி பார்ப்பது?" என்று திருப்பிக் கேட்டாள். தொழிற்சங்கச் சட்டம் 1935-ஆம் ஆண்டினது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். வேலைத்தலத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் அங்கத்தவரானால் முதலாளி பேசாமல் இருக்க முடியாது என்று 1999-இல் வந்த திருத்தம் சொல்கிறது. கேரளத்தில் தனியார் வைத்தியசாலைத் தாதியர் 2011-இல் ஒன்று சேர்ந்தார்கள். 2018-இல் மாதம் 20,000 இந்திய ரூபா குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று மாநில அரசு அறிவித்தது. நடுவில் ஏழு வருடம். இந்தப் பிள்ளைகள் உங்கள் அங்கத்தவர்கள் இல்லை, சந்தா தருகிறவர்களும் இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்காரவைத்து, சேமலாப நிதிக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஒரு கிளைக்கு எவ்வளவு செலவாகும்?

இவ்வளவும் சொன்னவள் என் பங்கையும் சொல்லவேண்டும். என்னைக் கிளைச் செயலாளராக இருக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் மறுத்தேன். கூட்டம் கொழும்பில், இரவுப் பஸ், வீட்டில் சின்னப் பிள்ளைகள், மாமியாருக்கு நீரிழிவு. காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது: சங்கம் ஆண்களின் வேலை, வாய் உள்ளவர்களின் வேலை என்று நானும் நினைத்தேன். விடுதிகளில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் ஒலிவாங்கி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்களைத் தள்ளிவைத்தீர்கள் என்று முழுப் பழியையும் உங்கள் மேல் போட முடியாது. நாங்களும் ஒதுங்கி நின்று, தேநீர் அறையில் மட்டும் வீரம் பேசினோம். அந்தப் பிள்ளை தனியாகக் கையெழுத்துப் போட்டதில் என் மறுப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிளைக் கூட்டத்தைப் பகல் ஒன்றேகாலுக்கு வையுங்கள். காலைக் கடமை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரம். மண்டபம் வேண்டாம், தாதியர் தங்கும் விடுதியின் சாப்பாட்டு அறை போதும். விசாரணைக் கடிதம் கிடைத்தவளுக்கு அன்றே எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம், அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற ஒருவர். ஓய்வுபெற்ற எங்களில் நாலைந்து பேரைத் தாபன விதிக்கோவையில் பழக்கிவிட்டால் நாங்களே வந்து பக்கத்தில் உட்காருவோம். எங்களுக்கு இனிச் சம்பள உயர்ச்சியும் இல்லை, இடமாற்றமும் இல்லை. யாருக்குப் பயப்படவேண்டும்?

அந்தச் சி.ஆர். கொப்பி இப்போது மூன்று கொப்பியாக என் அலுமாரியில் இருக்கிறது. பதினொரு ஆண்டுகளின் இரவுகள். நோயாளர் பெயர் ஒன்றும் இல்லை, எண்ணிக்கை மட்டும். கடைசி வரி நான் ஓய்வு பெற்ற வாரத்தில் எழுதியது: 47 நோயாளர், இரண்டு தாதியர். எந்தச் சங்கம் வந்து கேட்டாலும் கொடுப்பேன். வரும்போது முத்திரையையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தாதி,
யாழ்ப்பாணம்